ஓரம் என்று சொல்லாத பந்தயம்

தொலைக்காட்சியில் வரும் பெரிய சைக்கிள் பந்தயங்களை நான் பார்ப்பதில்லை. பெல்ஜியத்தில் ஏதோ ஒரு கிராமத்துத் தேவாலயத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் பந்தயம், மழையில் பாதிப் பேர் விலகிக்கொள்ளும் பந்தயம், வென்றவர் பெயரை உள்ளூர்க்காரர்களே மறுவாரம் மறந்துவிடும் பந்தயம், இப்படிப்பட்டவற்றின் முடிவுகளை இணையத்தில் தேடிப் படிப்பது என் பழக்கம். கோயம்புத்தூரில் ஒரு சைக்கிள் உதிரிபாகத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். பிரேக் எப்போது தேயும், இரும்பு எப்போது விரிசல் விடும் என்று பார்த்துக் குறிப்பதுதான் தொழில்.

"அம்புட்டுத் தூரத்துல என்னத்தடி தேடுற, எங்க ஊருப் பக்கம் வா, வைகாசி முழுக்க ரேஸுதான்" என்று ஜெசிந்தா பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். திருச்சியில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர். நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வைகாசியில் அவள் போன் செய்து, "செவ்வாக்கெழம மஸ்கட் போறேன். இந்த வாரம் வந்தா என் ரேஸப் பாக்கலாம். இல்லாட்டி அம்புட்டுத்தான்" என்றாள். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சங்கிலி எண்ணெய், பங்க்சர் ஒட்டும் பசை, அறுகோணச் சாவிகள், கைப்பம்பு, மாற்று டியூப் என்று பட்டியல் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் பந்தயங்கள் அம்மன் கோயில் திருவிழாக்களோடு சேர்ந்தவை. ஊருக்கு வெளியே தார்ச்சாலையில் ஒரு தகர டிரம்மை நிறுத்தி, அதைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். டிரம்முக்குப் பக்கத்தில் ஒருவர் சாயக் கிண்ணத்தோடு நிற்பார். திரும்புகிறவர் புறங்கையை நீட்ட, அவர் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். கையில் சாயம் இல்லாமல் வந்தால் பாதியிலேயே திரும்பிவிட்டதாகப் பொருள். ஆண்களில் ஒரு கூட்டம் பங்குனியிலிருந்து ஆடி வரை ஊர் ஊராக இதையே செய்கிறது. குட்டியானை வண்டியில் சைக்கிள்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து, திருவிழாச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, பள்ளிக்கூட வராந்தாவில் படுத்து எழுந்து, பரிசோடு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். யாரும் சம்பளம் தருவதில்லையே தவிர, தொழில்முறை வீரர்கள்தான்.

பெண்கள் பந்தயம் அண்மையில்தான் வந்தது. எல்லா ஊர்க் கமிட்டியிலும் ஒரே விதி: மூன்று பேராவது வந்தால்தான் நடக்கும். அறந்தாங்கிப் பக்கத்துப் பவித்ரா ஒவ்வொரு முறையும் ஜெசிந்தாவை முந்திவிடுவாள். அதுவும் ஒரு சக்கரம், அரைச் சக்கரம் வித்தியாசத்தில். மஸ்கட் போவதற்குள் பவித்ராவுக்கு முன்னால் ஒருமுறையாவது கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் ஜெசிந்தாவின் ஆசை.

வெள்ளிக்கிழமை காலை திருக்கோகர்ணத்தில் அவளுடைய சித்தி வீட்டில் இட்லி, வெங்காயச் சட்னி. பிறகு டவுன் பஸ்ஸில் சைக்கிளை ஏற்றப் பார்த்தோம். கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

"ஏம்மா, சைக்கிளு ஓட்டுறதுக்குத்தானே? அத ஏன் பஸ்ஸுல ஏத்துறீங்க?"

"ரேஸுக்குப் போறோம்ணே. ஓட்டிக்கிட்டே போனாக் கால் ஓஞ்சு போகும்" என்றாள் ஜெசிந்தா.

"அப்ப நான் மட்டும் ஓயலாமா? மேல தூக்கிப் போடணும்ல?" என்றபடியே அவர் ஏறி, சைக்கிளைக் கூரையில் வாங்கிக் கட்டினார். வழியில் சித்தன்னவாசலுக்குப் போகும் கல்லூரி மாணவர்கள் கும்பலாக ஏறினார்கள். எங்களையும் சுற்றுலா வந்தவர்கள் என்று நினைத்து, ஓவியம் இருக்கும் குகைக்கு எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

அன்னவாசலைத் தாண்டி ஒரு ஊர். ஃபிளெக்ஸ் பலகையில் பெண்கள் சைக்கிள் பந்தயம் என்று அச்சடித்திருந்தது. வந்திருந்தது ஜெசிந்தாவும் பவித்ராவும் மட்டும். மைக்கைப் பிடித்திருந்த கமிட்டிக்காரர் வருத்தத்தோடு அறிவித்தார்: "மூணு பேரு சேராத காரணத்தால பெண்கள் ரேஸ் ரத்து செய்யப்படுது. அதுக்குப் பதிலா மியூசிக்கல் சேர் நடக்கும். சைக்கிள் வீராங்கனைகளும் கலந்துக்கலாம்."

பவித்ரா தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "பாட்டுப் போடுங்கண்ணே, நான் ஒக்காந்துட்டேன்" என்றாள். கூட்டம் சிரித்தது. உயரமான பெண். வெயிலில் கறுத்த கை, மணிக்கட்டுக்கு மேல் வெளுத்த பட்டை. என்னைப் பார்த்து, "இது யாரு, ஒன்னோட மெக்கானிக்கா?" என்று ஜெசிந்தாவைக் கேட்டாள்.

"கோயமுத்தூரு. பேரு கவிதா."

"ஏனுங் அம்மிணி, எங்க ஊரு வெயிலு சௌக்கியமுங்களா?" என்று எங்கள் கோவைப் பேச்சைப் பிடித்துக் கிண்டல் செய்தாள். பிறகு ஜெசிந்தாவிடம் தணிந்த குரலில், "நாளைக்கு எங்க அத்த மக ரெண்டு பேரையும் கூட்டியாரேன். கண்டிப்பா நடக்கும். நீ வந்துரு" என்றாள். இத்தனை காலம் தோற்கடித்தவள் என்ற நினைப்பில் நான் வேறு மாதிரி ஒருத்தியை எதிர்பார்த்திருந்தேன். ஒருத்தி வராவிட்டால் மற்றவளுக்கும் பந்தயம் இல்லை என்பது அங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று மாலை புதுக்கோட்டையில் பரோட்டாவும், முட்டையை மசாலாவில் கிளறிய முட்டை மாஸும் சாப்பிட்டோம். ஜெசிந்தா பாதியில் நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை போன ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று ஜெசிந்தா கேட்டுக்கொண்டாள். கருவேல மரங்களுக்கு நடுவே நேராகப் போகும் சாலை. தண்ணீரில்லாத கண்மாய். கோயில் வாசலில் பந்தல், குழாய் ஒலிபெருக்கி, கரும்புச்சாறு வண்டி. பவித்ரா சொன்னபடியே இரண்டு பெண்களோடு வந்திருந்தாள். நால்வரும் சுண்ணாம்புக் கோட்டில் நின்றார்கள். நான் ஜெசிந்தாவின் சக்கரக் காற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஒதுங்கினேன். கொடி பிடித்தவர் கையைத் தூக்கினார்.

அப்போது ஒலிபெருக்கி பாட்டின் நடுவில் நின்றது. மின்சாரம் போய்விட்டது என்று நினைத்தேன். தெருவுக்குள்ளிருந்து ஒருவர் வந்து கமிட்டித் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் கொடியை வாங்கிச் சுருட்டினார்.

"ஊருக்குள்ள ஒரு சாவு விழுந்துருச்சு. எடுக்குற வரைக்கும் எதுவும் கெடையாது. எல்லாரும் மன்னிக்கணும்."

கரும்புச்சாறுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். தோரணப் பல்புகளை ஒருவர் அணைத்தார். ஆண் வீரர்கள் சைக்கிள்களைக் குட்டியானையில் ஏற்றத் தொடங்கினார்கள். நான் தலைவரிடம் போய், "ஊருக்கு வெளியிலதானுங்களே சாலை? அந்தக் கடைசியில வச்சு நடத்திக்கலாமுங்களா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வேறு மொழியில் பேசியவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் போனார். ஜெசிந்தா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அறிவிருக்காடி? சுடுகாடே அந்தக் கடைசியிலதான் இருக்கு."

இறந்தவர் வயதானவர். ஒரே மகன் சிங்கப்பூரில். அவன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும். விமானம் கிடைத்துத் திருச்சியில் இறங்கி வர மறுநாள் காலை ஆகும். குளிர்பெட்டி சொல்லியாகிவிட்டது. நாளை உடலை எடுத்து, கோயிலைக் கழுவிவிட்ட பிறகு, மீதித் திருவிழாவை நடத்துவதாக ஊர் முடிவு செய்தது. பெண்கள் பந்தயம் உண்டா என்று ஜெசிந்தா கேட்டாள். "ஆளு இருந்தா உண்டுத்தா" என்றார் தலைவர்.

பவித்ரா கிளம்பவில்லை. "ஊருக்குள்ள இருந்துட்டு கேதத்துக்குத் தல காட்டாமப் போகக் கூடாது" என்று எங்களையும் இழுத்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனாள். பந்தய உடைக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பெண்களோடு தரையில் உட்கார்ந்தோம். குளிர்பெட்டி ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடிமேல் நீர் கோத்து முகம் மறைவதும், ஒரு பெண் முந்தானையால் துடைப்பதும், மறுபடி மறைவதுமாக இருந்தது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவதன் காரணம் எனக்குத் தெரியும். அந்தப் பெண் துடைப்பதை நிறுத்தவில்லை.

பக்கத்தில் இருந்த அம்மாள் ஜெசிந்தாவைக் கேட்டார்: "எந்த ஊருத்தா நீ?"

"ஆவூருங்க."

"என்ன வேல பாக்குற?"

"மஸ்கட் போறேன். செவ்வாக்கெழம."

"அப்பா இருக்காரா?"

"இருக்காரு. கொஞ்சம் மூச்சு வாங்கும்."

"கூடப் பொறந்தவுக?"

"யாரும் இல்லங்க."

அந்த அம்மாள் ஜெசிந்தாவின் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கத் திரும்பினார். ஜெசிந்தா தன் புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மறுபடி போனபோது மகன் வந்துவிட்டிருந்தான். நாங்கள் நேரில் பார்க்கவில்லை. தெருவில் எழுந்த சத்தத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பறையும் வெடியுமாக ஊர்வலம் சாலையில் போனது. ரோஜா இதழ், செவ்வந்தி, பொரி எல்லாம் தாரில் உதிர்ந்து கிடந்தன. பிறகு பெண்கள் வீடுகளைக் கழுவினார்கள். தெருவெல்லாம் ஈரம்.

பவித்ரா வந்திருந்தாள். அத்தை மகள்கள் வரவில்லை. "சாவு விழுந்த ஊருக்கு மறுநா என்ன ரேஸுன்னு எங்க மாமா விட மாட்டேன்டாரு" என்றாள். ஆண்கள் கூட்டமும் வேறு ஊருக்குப் போய்விட்டது. பந்தலில் பரிசுகள் மட்டும் வரிசையாக இருந்தன: குத்துவிளக்கு, குக்கர், டிபன் கேரியர்.

"ரெண்டு பேருதான?" என்றார் தலைவர்.

"மூணு" என்று ஜெசிந்தா என்னைக் காட்டினாள்.

நான் மறுத்தேன். காரணங்களை வரிசையாகச் சொன்னேன். சைக்கிள் இல்லை. பயிற்சி இல்லை. கடைசியாக ஓட்டியது எப்போது என்று நினைவில்லை. சுடிதார். ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளன்னைக்கு நான் போயிருவேன் கவி" என்று மட்டும் சொன்னாள். பவித்ரா அதற்குள் எங்கேயோ போய், முன்னால் கூடை வைத்த, பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுக்கும் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "பிரேக் பிடிக்குதான்னு நீயே பாத்துக்க, மெக்கானிக்கு." பின் பிரேக் பிடிக்கவில்லை. சரி செய்தேன்.

பெரியவர் ஒருவர் தடுத்தார். "போனவுக வந்துட்டாகளாப்பா?" சுடுகாட்டுக்குப் போன ஆண்களைக் கேட்டார். தலைவர் கோயில் பக்கம் பார்த்து, "எப்பவோ எரிச்சு முடிச்சிருப்பாக. அங்கிட்டுத் தெரு வழியா வந்திருப்பாக" என்றார். வழக்கமாக ஆண்கள் கண்மாயில் குளித்துவிட்டு வயல் வழியே ஊருக்குள் வந்துவிடுவார்களாம். கண்மாயில் தண்ணீர் இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் சாலையோரத் தோட்டத்துப் பம்புசெட்டுக்குப் போயிருந்தார்கள். மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் வராததால் அங்கேயே காத்திருந்தார்கள். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கொடி விழுந்தது. கரும்புச்சாறுக்காரரும் ஏழெட்டுச் சிறுமிகளும் கைதட்டினார்கள். ஜெசிந்தாவும் பவித்ராவும் நான் மூன்றாவது மிதி மிதிப்பதற்குள் போய்விட்டார்கள். பூக்கள் கிடந்த இடத்தில் இருவரும் சாலையின் வலப்பக்கத்துக்கு ஒதுங்கியதைப் பார்த்தேன். நானும் ஒதுங்கினேன். பிறகு வெயிலும் சங்கிலிச் சத்தமும் மட்டும். இணையத்தில் முடிவுகளைப் படிக்கும்போது கடைசியில் வந்தவரின் பெயரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

டிரம்முக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது அவர்கள் எதிரே திரும்பி வந்தார்கள். முதலில் ஜெசிந்தா. அவளுக்கும் பவித்ராவுக்கும் நடுவில் ஒரு பஸ்ஸை நிறுத்தலாம். ஜெசிந்தாவை நான் அப்படி எப்போதும் பார்த்ததில்லை. முதுகு தட்டையாக, முகத்தில் எதுவுமே இல்லாமல், கால்கள் மட்டும் சுழன்றன. என்னைக் கடக்கும்போது பார்க்கவில்லை. கத்த நினைத்தேன், மூச்சு இல்லை. டிரம்மைச் சுற்றினேன். சாயக்காரர் என் கையில் இழுத்துவிட்டு, "நீங்கதான் கடைசியா? அப்ப நான் டிரம்ம எடுத்துரட்டுமா?" என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியில், பம்புசெட்டுத் தோட்டம் சாலையைத் தொடும் இடத்தில், ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள். சைக்கிளிலிருந்து இறங்கி, மரியாதைக்குச் செருப்பைக் கழற்றுவது போல ஷூவையும் கழற்றிவிட்டு, வெறுங்காலில். அவளுக்கு முன்னால் சாலை முழுவதையும் அடைத்தபடி ஆண்கள் ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் ஈர வேட்டி. நடுவில் மொட்டையடித்த தலை ஒன்று. மற்ற முதுகுகளெல்லாம் வெயிலில் காய்ந்தவை. அந்த ஒருவனுடையது மட்டும் வெளுத்திருந்தது. சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் என்ன சத்தம் கேட்டாலும் பார்க்க மாட்டார்கள்.

பவித்ரா தெரியவில்லை. வெகு தூரத்தில் ஊர்ப் பக்கமிருந்து கைதட்டல் மெலிதாகக் கேட்டது.

"என்னாச்சு? சங்கிலியா?" என்று கேட்டேன்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். நான் குனிந்து சங்கிலியைப் பார்த்தேன். பற்களில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது.

அந்த ஆண்கள் வயல் வரப்பில் இறங்கும் வரை நின்றோம். அதன் பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு, "வா, ரெண்டு பேரும் போய்ச் சேரணும். மூணு பேரும் முடிக்காட்டி அவகிட்ட வெளக்கத் திருப்பி வாங்கிருவாக" என்று ஏறினாள். மெதுவாக, என் கூடை சைக்கிளின் வேகத்துக்கு வந்தாள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நான் பிரேக் பிடித்து அவளை முன்னே விட்டேன்.

பவித்ரா குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"ஏன்டி நின்ன? நான் ஓரம் ஓரம்னு கத்துனேன், ரெண்டு பக்கமும் ஒதுங்கிட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. நீதான முன்னால போன, நீ கத்திருந்தா ஒனக்குத்தான ஒதுங்கிருப்பாங்க?"

"வாய் வரல" என்றாள் ஜெசிந்தா.

"என்ன வாய் வரல? நேத்து முழுக்க அந்த வீட்லதான ஒக்காந்திருந்தோம். எனக்கு மட்டும் துக்கம் இல்லையா?"

ஜெசிந்தா குனிந்து ஷூக் கயிற்றை இறுக்கினாள். பவித்ரா பிறகு விளக்கை நீட்டினாள். "இந்தா, வச்சுக்க. எங்க வீட்ல ஏற்கெனவே மூணு கெடக்கு."

"வேண்டாம். நீதான முதல்ல வந்த."

"ஆமா, வந்தேன்" என்று பவித்ரா விளக்கைத் துணியில் சுற்றினாள். போகும்போது, "அடுத்த வருசம் நான் யாரோட ஓட்டுறது?" என்று கேட்டாள். எங்களைக் கேட்டாளா என்று தெரியவில்லை. தலைவர் குக்கரையும் டிபன் கேரியரையும் மைக் இல்லாமல் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஆவூர். மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். ஜெசிந்தாவின் அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். மெலிந்தவர். ஒரு வாக்கியத்துக்கு இடையில் நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டு பேசினார். மீன் குழம்பு வைத்திருந்தார். உப்புக் கொஞ்சம் கூடுதல். எங்கள் பக்கத்தில் இவ்வளவு புளி சேர்க்க மாட்டோம் என்றேன். "அப்ப இன்னும் ரெண்டு கரண்டி ஊத்திக்க, இனிமே எங்க கெடைக்கப் போவுது" என்று ஊற்றினார். குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டாவதா?"

"ரெண்டாவதுதான்ப்பா."

"அந்தப் புள்ளயே மொதல்ல வந்துச்சா?"

"ஆமா."

"சரி விடு. குக்கராச்சும் ஒதவும்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "ஒரு ஆளுக்கு இது பெருசு."

மத்தியானம் சைக்கிளை உள்ளறைக் கொக்கியில் மாட்டினோம். இது என் வேலை என்பதால் அவருக்கு வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். காற்றைப் பாதி இறக்கிவிட வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய், அதிகம் வேண்டாம். கோணிச்சாக்குப் போட்டு மூட வேண்டும், பிளாஸ்டிக் கூடாது, வியர்த்துத் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை பெடலைச் சுற்றிவிட வேண்டும்.

அவர் நல்ல மாணவனைப் போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"எத்தன மாசத்துக்கு?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியாத கேள்வி அல்ல. ஒப்பந்தம் எவ்வளவு காலம், விடுப்பு எப்போது என்றெல்லாம் ஜெசிந்தா என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் முன் பிரேக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சிக்கியிருந்த எதையோ நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த செவ்வந்தி இதழ். பூக்களை மிதிக்காமல் ஒதுங்கித்தான் போனோம் என்று நினைத்திருந்தேன்.

அவரே கையை நீட்டிப் பெடலை ஒருமுறை சுற்றிவிட்டார். பின் சக்கரம் வேகமாகச் சுழன்று, டிக் டிக் என்று மெல்ல அடங்கி நின்றது. அது நிற்கும் வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்புடித்தான?" என்று என்னைக் கேட்டார்.

"இப்படித்தாங்க" என்றேன்.